போயே ஆகவேண்டுமா?

மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளில் சில, மேலுக்குப் பரிவு போலத் தோன்றும். உள்ளே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கும். ‘இந்த உடம்போடு அவ்வளவு தூரம் போயே ஆகவேண்டுமா?’ என்பது அப்படிப்பட்ட ஒரு கேள்வி. கால் வலுவுள்ளவர் ஒருவர் வெளிநாடு சுற்றிப் பார்க்கப் புறப்பட்டால், ‘எப்போது திரும்புவீர்கள், என்ன வாங்கி வருவீர்கள்?’ என்று கேட்கிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவர் புறப்பட்டால் மட்டும், ‘எதற்கு?’ என்று கேட்கிறோம். ஒருவருடைய ஆசை ஆசையாகவே செல்லுபடியாகிறது. இன்னொருவருடைய ஆசைக்கு மட்டும் நாம் காரணம் கேட்கிறோம். இது நியாயந்தானா?

எனக்குத் தெரிந்த சரித்திர ஆசிரியை ஒருவர் இருக்கிறார். குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. முப்பது வருஷம் அவர் பிள்ளைகளுக்குக் கிரேக்க தேசத்துக் கதையைச் சொல்லிக் கொடுத்தார். ஓய்வு பெற்றதும், ஏதென்ஸ் நகருக்குப் போய் அக்ரோபொலிஸ் குன்றின்மேல் நிற்கும் பார்த்தினான் கோயிலைக் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார். அவருடைய தமையனார் தங்கமான மனிதர். அவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “போயே ஆகவேண்டுமா அம்மா?”

“போன வருஷம் நீங்கள் காசிக்குப் போய் வந்தீர்களே அண்ணா, உங்களை யாராவது இப்படிக் கேட்டார்களா?” என்றார் தங்கை. தமையனார் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது.

அவர் செய்துவரும் ஆயத்தங்களை அருகிலிருந்து பார்த்தேன். நாமெல்லாம் பிரயாணம் என்றால் பெட்டியைக் கட்டுகிறோம். அவர் வழியெல்லாம் இருக்கும் கதவுகளை அளக்கிறார். விமான நிறுவனங்கள் நாற்காலிக்காரர்களை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன: படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்கமாட்டார் என்பது ஒன்று, படி ஏறமாட்டார், விமானத்துக்குள் தம் இருக்கை வரை நடப்பார் என்பது ஒன்று, அடி எடுத்து வைக்கவே இயலாது என்பது ஒன்று. இவர் மூன்றாம் வகை. ஐரோப்பாவில் 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி, 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவித்துவிட்டால் நிலையத்திலும் விமானத்திலும் வேண்டிய உதவியைச் செய்தாக வேண்டும். நாற்காலி மின்சாரத்தில் ஓடுவதானால், கழற்றி எடுக்கும் லித்தியம் மின்கலத்தின் அளவு 300 வாட் மணிக்கு மேல் போகக்கூடாது. அதைத் தம்முடனேயே கொண்டுசெல்ல வேண்டும். தங்கும் விடுதிக்கு எழுதினால், ‘எல்லா வசதியும் உண்டு’ என்று ஒரு வரியில் பதில் வருகிறது. குளியலறைக் கதவு எத்தனை அங்குலம், வாசலில் எத்தனை படி என்று மறுபடி கேட்டால், ‘இரண்டே படிகள்தான்’ என்கிறார்கள். நமக்கு அது இரண்டு படி. அவருக்கு அது சுவர்.

பல விமானங்களில் கழிவறைக்குள் அவரால் போகவே முடியாது. ஆகவே புறப்படும் நாளுக்கு முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளத் திட்டமிட்டிருக்கிறார். அவரைப் போன்ற பிரயாணிகள் பலர் செய்வதுதான் இது. தாகத்தைச் சகித்துக்கொண்டு கடல் தாண்டுகிறவர்களும் நமக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது ஒரு சட்ட விஷயம். சர்வதேச விமானப் பிரயாணத்தைக் கட்டுப்படுத்தும் 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, விமானத்தின் வயிற்றில் ஏற்றப்படும் சக்கர நாற்காலி ஒரு பெட்டிக்குச் சமானம். அது நொறுங்கிப் போனால் கிடைக்கும் நஷ்டஈட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பரில் அதை உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் ஏறக்குறைய இரண்டாயிரம் டாலர்தான். அதற்கு மேல் வேண்டுமானால், முன்கூட்டியே மதிப்பைத் தனியாக எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். நல்ல மின்சார நாற்காலியின் விலை அதைப்போல் பல மடங்கு. விலை கிடக்கட்டும். என் பெட்டி தொலைந்தால் மாற்றுச் சட்டை வாங்கிக்கொள்வேன். அவருடைய நாற்காலி உடைந்தால் அவர் அந்நிய ஊரில் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்க வேண்டியதுதான். ஒருவருக்குக் கால்களாக இருப்பதைச் சட்டம் மூட்டை என்று எழுதி வைத்திருக்கிறது.

‘எதற்கு இவ்வளவு தொல்லை? நல்ல மனிதர்கள் எங்கும் இருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட்டால் போகிறது’ என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆசிரியை இதற்குச் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன். “என்னைத் தூக்கிக்கொண்டு போனால் நான் கோயிலையா பார்ப்பேன்? தூக்குகிறவருடைய கை நழுவுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன்” என்றார். கருணை உயர்ந்த குணந்தான். ஆனால் கருணையை நம்பிப் போகிறவர் வழிநெடுக நன்றி சொல்லிக்கொண்டே போகவேண்டும். நன்றி சொல்லிச் சொல்லி வாய் வலித்தவருக்குத்தான் ஒரு சாய்தளத்தின் பெருமை தெரியும். அது யாருடைய நன்றியையும் எதிர்பார்ப்பதில்லை.

அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்லின் ரூஸ்வெல்ட்டின் கால்கள் 1921-ல் நோயினால் செயலிழந்தன. அவருக்காக அமைக்கப்பட்ட விமானத்தில், நாற்காலியோடு அவரை உள்ளே ஏற்றிக்கொள்ள ஒரு மின்தூக்கி வைத்தார்கள். 1945 பிப்ரவரியில் யால்டா மகாநாட்டுக்கு அதில்தான் போனார். 2001 ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தபோது, குதுப்மினார் போன்ற இடங்களில் அவருக்காகத் தற்காலிக மரச் சாய்தளங்கள் போடப்பட்டன. நல்ல காரியந்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பெரிய மனிதர் வருகிறார் என்று பலகை போடுவது விருந்தோம்பல். பெயர் தெரியாத ஒருவர் என்றாவது வரக்கூடும் என்று, அவர் வருவதற்கு முன்பே கல்லால் கட்டி வைப்பதுதான் நீதி. விருந்து முடிந்தால் பலகையை எடுத்துவிடலாம். நீதியை அப்படி எடுத்துவைக்க முடியாது.

எதிர்வாதத்தையும் சொல்லவேண்டும். அக்ரோபொலிஸில் 2004-ல், மாற்றுத்திறனாளிகளின் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது ஒரு மின்தூக்கி அமைத்தார்கள். 2020 டிசம்பரில் புதிய ஒன்றைத் திறந்தார்கள். குன்றின்மேல் சக்கரம் ஓடுவதற்காகக் கான்கிரீட் பாதைகளும் போட்டார்கள். அந்தப் பாதைகளைப் பற்றிப் பழம்பொருள் ஆராய்ச்சியாளர்கள் பலர் மனம் நொந்து பேசினார்கள். இரண்டாயிரத்து நானூறு வருஷத்துப் பாறைமேல் கான்கிரீட்டா என்று அவர்கள் கேட்டதைத் தள்ளிவிட முடியாது. பழமைக்கும் நம்மிடம் ஓர் உரிமை உண்டு. அவர்கள் காட்டும் மெல்லிய வழி ஒன்று இருந்தால் அதையே கைக்கொள்ளலாம். ஆனால் ‘எப்படி வழி செய்வது?’ என்று தகராறு செய்வது வேறு; ‘வழியே வேண்டாம்’ என்பது வேறு. முதலாவது அறிவாளிகளின் சண்டை. இரண்டாவது, உள்ளே இருப்பவன் கதவைச் சாத்திக்கொள்வது.

இமயத்தின் உச்சிக்கெல்லாம் பாதை போடவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இயற்கை வைத்த தடையோடு மனிதன் சமாதானம் செய்துகொள்வான். ஆசிரியை தம் கால்களோடு எப்போதோ சமாதானம் செய்துகொண்டுவிட்டார். மனிதன் கட்டிய இரண்டு படிகளோடுதான் அவரால் சமாதானமாக முடியவில்லை. ஏனென்றால் அந்தப் படிகளைக் கட்டியவன் அவரை நினைக்கவில்லை.

‘போயே ஆகவேண்டுமா?’ என்பது கேட்கக்கூடாத கேள்வி அல்ல. பிரயாணம் போகிற ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. பணமும் உடம்பும் செலவாகின்றன. சில சமயம், வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்றும் படுகிறது. ஆனால் அந்த முடிவுக்கு வருகிற சுதந்திரமும் போகிறவருடையது. தெருவில் நிற்கிற நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அவர் வந்தால் நம் வீட்டு வாசலில் எத்தனை படி?