இரண்டு பீரியடுக்கு நடுவே

கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் உயர்நிலைப் பள்ளி மாணவனிடம், பக்கத்தில் ஏரி எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். உலகத்து ஏரிகள் பலவற்றின் பெயர் சொல்வான். இதற்குத் திகைப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. ரவீந்திர சரோவர் என்ற அந்த ஏரி புவியியல் பாடத்தில் வராது, ஏனென்றால் அதைத் தோண்டியவர்கள் மனிதர்கள். வரலாற்றிலும் வராது, ஏனென்றால் அங்கே யாரும் போரிடவில்லை.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், 1920களில் இங்கிருந்த சதுப்புக்காட்டை எடுத்து ஏரி வெட்டியது. சுற்றியிருந்த பள்ளத்தை மேடாக்கிச் சாலையும் மனையும் போட்டது. மதராஸ் மெயிலில் வந்திறங்கிய தமிழ்க் குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தர்களும் குடியேறியது இந்தப் பக்கத்தில்தான். மண்ணைத் தெரியாமல் அவர்கள் கதையைச் சொல்ல முடியாது.

ஏரியை அறியாததால் யாருக்கும் நஷ்டமில்லை என்று விட்டுவிடலாம். 1943ஐ அப்படி விட முடியாது. ஒரு பீரியடில் வங்க டெல்டா வண்டல் வளம் மிக்கது, நெல் செழிக்கும் என்று படிக்கிறார்கள். மணி அடிக்கிறது. அடுத்த பீரியடில் அதே வங்காளத்தில் பஞ்சம், இறந்தவர்கள் இருபது முப்பது லட்சம் என்று படிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் திடுக்கிடுவதில்லை. மணி அதற்காகவே அடிக்கிறதோ என்னவோ.

இரண்டு பாடங்களையும் சேர்த்து வைக்கத் தேவை ஒரு பெரிய வரைபடமும் நான்கு வண்ணப் பென்சில்களும். முதலில் மாணவர்கள் ஆறுகளை வரையட்டும். அந்த நாட்டில் ஆறுதான் சாலை, படகுதான் வண்டி. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி வரும் வழியை அடிக்கட்டும். ஜப்பானியருக்குப் பயன்படக் கூடாதென்று கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை அரசு முடக்கியது. அந்த ஆறுகளில் படகை அழிக்கட்டும். அதே ஆண்டு அக்டோபரில் மேதினிபூர் கரையைப் புயல் தாக்கிய இடத்துக்கு நிறம் தீட்டட்டும். பிறகு ஒரே கேள்வி: நெல் இருக்கும் ஊரிலிருந்து இல்லாத ஊருக்கு அது எப்படிப் போகும்? போனாலும் விலை கொடுத்து வாங்க யாரால் முடியும்? இந்த இரண்டாம் பாதியை விட்டால் பஞ்சம் வெறும் வானிலைச் செய்தியாகிவிடும். உணவு இருந்தும் அதைப் பெறும் வழி இல்லாதவர்கள் மடிந்ததை அமர்த்தியா சென் 1981இல் விரிவாக எழுதினார். போர்க்காலத் தொழிற்சாலைகளுக்காகக் கல்கத்தாவுக்கு உணவு முன்னுரிமையோடு வந்தது. அதைத் தேடி நடந்து வந்த கிராமத்தார் அதே நகரத்தின் நடைபாதைகளில் விழுந்தார்கள். வரைபடத்தில் அம்புக்குறிகள் எல்லாம் எந்த ஊரை நோக்கிப் போகின்றன என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

செயல்வழிக் கற்றல் என்றால் நம் பள்ளிகளில் பெரும்பாலும் தெர்மாகோலும் ஜிகினாவும்தான். அப்பா வெட்டுவார், அம்மா ஒட்டுவார், பிள்ளை எடுத்துப் போகும். இந்த வரைபடம் அப்படி அழகாக வராது. அடித்தல் திருத்தலோடு அசிங்கமாக இருக்கும். பெற்றோர் தினத்தில் சுவரில் மாட்டத் தயங்குவார்கள். மாட்டினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மதிப்பெண்ணை வரலாற்றில் போடுவதா புவியியலில் போடுவதா என்று இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். கால அட்டவணையில் அதற்குப் பீரியட் இல்லை.