தேமாங்கனி, கருவிளம்

உக்கடம் பெரியகுளத்தில் ஊதாப் பூவோடு மிதக்கும் செடியை நாம் ஆகாயத்தாமரை என்கிறோம். வெங்காயத்தாமரை என்பாரும் உண்டு. சித்த வைத்தியர் ஆகாயத்தாமரை என்றாலோ அது வேறு செடி, பிஸ்டியா. இந்தக் குழப்பம் தீரத்தான் இலத்தீன் பெயர். ஐக்ஹோர்னியா கிராசிபெஸ். சொல்லிப் பார்த்தால் நாக்கு தடுக்கும்.

அசை பிரிக்க எங்கே வெட்டுவது? பிரஷ்யக் கல்வி அமைச்சர் ஐக்ஹோர்னின் பெயரைத்தான் 1843-ல் தாவரவியலாளர் குந்த் இந்தப் பேரினத்துக்கு வைத்தார். ஐக் ஒரு துண்டு, ஹோர்ன் ஒரு துண்டு. ரோமன் எழுத்தில் ‘எச்’ இரண்டு ஒட்டி நிற்கும். முதலாவது ஐக்கோடு போகும், அடுத்தது ஹோரைத் தொடங்கும். அசை தெரியாதவர்கள்தான் ஒன்றை விழுங்கி எழுதுகிறார்கள்.

இலத்தீன்காரர் அழுத்தம் பார்ப்பார். கடைசிக்கு முந்திய அசை நெடிலாகவோ ஒற்றடுத்தோ இருந்தால் அழுத்தம் அங்கே. வெறும் குறிலென்றால் இன்னும் ஓரசை முன்னே. அதனால் இங்கே ‘ஹோர்’ கனக்கும், ‘கிராஸ்’ கனக்கும். நமக்கு அழுத்தம் பழக்கமில்லை. ஆனால் குறில், நெடில், ஒற்று என்ற கணக்கு தொல்காப்பியக் காலத்திலிருந்தே கையில் இருக்கிறது.

ஐக் / ஹோர் / னியா: நேர் நேர் நிரை. தேமாங்கனி!
கிரா / சிபெஸ்: நிரை நிரை. கருவிளம்.

இலத்தீனில் மூன்றசையான கிராசிபெஸ், ‘சி’யும் ‘பெஸ்’ஸும் ஒரே நிரையாகச் சேர்வதால் நம்மிடம் இரண்டசையாகிறது. ‘கிரா’வும் நிரைதான். சொல் முதலில் மெய் நிற்காது என்பதால் ‘கி’ என்று ஓர் உயிரைக் கொடுத்துத்தானே உள்ளே விடுகிறோம்? மாவும் விளமும் காயும் கனியுமாக வாய்பாடு வைத்திருக்கும் யாப்பைவிடச் செடியின் பெயரை அளக்கப் பொருத்தமான கோல் எனக்குத் தெரியவில்லை.

2018-ல் ஆய்வாளர்கள் ஐக்ஹோர்னியா பேரினத்தைப் பொன்டெடீரியாவோடு சேர்த்துவிட்டார்கள். பொன் / டெடீ / ரியா. கூவிளங்கனி. பதுவா நகரத்துத் தாவரவியலாளர் பொன்டெடேராவின் நினைவாக வந்த பெயர். சொல்லவும் இதுவே எளிது.

தாவரப் பெயர்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு எழுத்தைக் கட்டுப்படுத்தும், உச்சரிப்பைக் கட்டுப்படுத்தாது. ‘பொட்டானிக்கல் லத்தீன்’ எழுதிய வில்லியம் ஸ்டேர்னும் காதுக்கு இனிமையாக, கேட்பவருக்குப் புரிந்தால் போதும் என்ற கட்சிதான். ஆகவே மாணவர்களே, கூச்சப்படாமல் அசை பிரித்துச் சொல்லுங்கள். பழைய பெயரை எழுதும்போது மட்டும் ‘எச்’ இரண்டும் இருக்கட்டும்.