ஆட்டத்திற்குக் கூலி இழிவா?

விளையாட்டை விளையாட்டுக்காகவே ஆடவேண்டும், அதற்குக் காசு பெறுவது வீரனுக்கு இழுக்கு என்று கூறுவோர் நம்மிடையே இன்றும் உளர். கேட்பதற்கு இஃது உயர்ந்த அறமாகவே தோன்றும். ஆயினும், இவ்வறத்தை யார் யாருக்கு உபதேசித்தார்கள் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போமாக.

முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி மோதி ஓடும் ரக்பி ஆட்டம் இந்நாட்டிற்கு ஆங்கிலேயரோடு வந்தது. 1921ஆம் ஆண்டில் இங்கு வந்த ‘மலாயா’ என்னும் போர்க்கப்பலார் கால்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரு கோப்பைகளை அளித்துச் சென்றனர். அக்காலத்தில் ரக்பி பெரும்பாலும் துரைமார்களின் ஆட்டமாகவே இருந்தது. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டத் திடல்களில் நம் பிள்ளைகள் ஆடியது கால்பந்தே. துரை எத்தனை நாள் ஆடினாலும் அவருடைய மாதச் சம்பளம் குறையாது. பால்மரம் வெட்டுவோனுக்கோ பெரட்டில் பெயர் விழாத நாளுக்குக் கூலி கிடையாது. இவ்விருவருக்கும் ஒரே அறத்தைப் போதிப்பது நீதியாகுமா?

இவ்வழக்கு இங்கிலாந்திலேயே எழுந்தது. ஆட்டத்திற்காக இழந்த வேலைநேரத்திற்கு ஈடு கொடுங்கள் என்று வடபகுதிச் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் ஆடிவந்த கழகங்கள் கேட்டன. கனவான்கள் நிறைந்த தலைமைச் சங்கம் 1893இல் அதனை மறுத்தது. 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் அக்கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனியே பிரிந்தன. அவை கொடுக்க இசைந்தது நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங்கே! பழைய பிரிவோ நூறாண்டு பிடிவாதம் செய்து, 1995 ஆகஸ்டில்தான் ஊதியம் பெறும் ஆட்டக்காரரை ஏற்றது.

பயன் கருதாது உழை என்னும் உபதேசம் நமக்குப் புதிதன்று. சாதியின் பெயரால் நம் முன்னோர்க்கு அது தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டது. ஓதியவர் எவரும் பயனைத் துறந்தாரில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வும் கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டனர். கூலியும் மானமும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

சிலாங்கூர் தந்த கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை நம்மவர் மறவார். 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற மலேசிய அணியில் அவரும் ஒருவர். அரசியல் காரணத்தால் அணி அங்குச் செல்லவில்லை. 1988இல் சாலை விபத்தில் அவர் மறைந்தார். பகலில் வேறு வேலை பார்த்து மாலையில் பந்தாடும் காலம் அது. பகுதிநேர ஊதியப் போட்டிகள் இந்நாட்டில் தொடங்கியதே 1989இல்தான்.

ஆகவே ஆட்டத்திற்குக் கூலி நியாயமே என்கிறோம். ஆனால் கூலி கொடுத்ததோடு கடன் தீர்ந்ததா? 2003இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து ரக்பி அணியின் ஸ்டீவ் தாம்சன், தாம் வென்ற அவ்வாட்டமே தமக்கு நினைவில்லை என்று 2020இல் வெளிப்படையாகக் கூறினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. மறதிநோய் அவரைப் பற்றியிருந்தது. பல்லாண்டு தலையில் பட்ட மோதல்களே அதற்குக் காரணம் என்பது அவருடைய வழக்கு. வாங்கிய சம்பளம் அந்த நினைவுக்கு விலையாகுமா?

ரப்பர் மரத்தைச் சுமார் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் வெட்டிப் பால் வற்றியதும் சாய்த்துவிட்டு மறுநடவு செய்கிறோம். மரத்திற்கு அது பொருந்தும். ஆட்டக்காரனோ முப்பத்தைந்து வயதில் திடலைவிட்டு வெளியேறிய பின்னும் அவ்வளவு காலம் வாழவேண்டியவன். அவனுக்கும் மனைவி மக்கள் உண்டு. அவனுடைய இளமையை விலைகொடுத்து வாங்கியவர்கள் அவனுடைய முதுமைக்கும் ஒரு பங்கு பொறுப்பேற்றல் வேண்டும். கைதட்டி மகிழ்ந்த நாமும் அதிலிருந்து விலகி நிற்கமுடியாது.

தோட்டத்தை விட்டு நகருக்கு வந்துள்ள நம் பெற்றோர்க்கு ஒன்று சொல்லுவோம். காலில் வேகமுள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள். படிப்பையோ ஒரு கைத்தொழிலையோ கைவிடச் சொல்லியும் அவனைத் திடலுக்கு அனுப்பாதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சம்பளத்தை மட்டுமன்றி, காயமுற்றால் யார் வைத்தியம் பார்ப்பார், ஆட்டம் முடிந்தபின் என்ன வழி என்பதையும் கேளுங்கள். கேட்பது பேராசை என்று எவரேனும் சொன்னால், ஆறு ஷில்லிங் கேட்ட தொழிலாளிக்கும் அதுவே சொல்லப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.