கேட்போர் யார்?

ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல். அதில் ஏழாவது 'கேட்போர்'. இந்த நூல் யாருக்கு? ஆக, வாசகரைத் தேடுவது இன்றைய பதிப்பகங்களின் கவலை மட்டும் அல்ல.

பவணந்தி அதோடு நிற்கவில்லை. மாணாக்கரைத் தரம் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் முதல் வரிசை. மண்ணும் கிளியும் நடு. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி கடைசி. வடமொழியில் இதற்கு 'சகிருதயர்' என்று ஒரு சொல் உண்டு. எழுதியவனின் மனத்தோடு ஒத்த மனம் உடையவர். இரண்டிலும் வாசகரின் தகுதி, கொடுப்பதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொள்கிறார் என்பதுதான். மதிப்பெண் போடும் பேனா எப்போதும் எழுதுபவர் பக்கம்.

அருமனையில் இருந்துகொண்டு இதை யோசித்தால் கொஞ்சம் இடிக்கிறது. 1964இல் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' வெளிவந்தது. எங்கள் குமரி மாவட்டத்தின் பனங்காட்டுக் கதை. நிலமுள்ள வீட்டுப் பெண் லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ். எழுதியவர் ஆங்கிலப் பேராசிரியர். அந்த நாவலுக்குக் கேட்போர் யார்? விடியலிலும் மாலையிலும் பனையேறி, பாளை சீவி, அக்கானி இறக்கியவருக்கு நாவல் வாசிக்க எங்கே நேரம்?

என் மாமா ஒருவர் சிறுவயதில் பனையேறியவர், பிறகு ரப்பர் பால் வெட்டப் போனவர். அவரிடம் அந்த நாவலைக் கொடுத்தேன். மெதுவாக வாசித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் செரிதான் மக்கா. நம்மளப் பத்தி எழுதியிருக்கு. ஆனா இது நமக்காட்டு எழுதினதா?"

நாவலை அவர் குறை சொல்லவில்லை. அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் 'நம்மைப் பற்றி', 'நமக்காக' என்ற இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ஒரே வாக்கியத்தில் காட்டிவிட்டார். நன்னூல் பட்டியலில் இவரை எங்கே வைப்பது? அன்னம் மாதிரி பாலை மட்டும் பிரித்துக் குடித்துவிட்டுப் போகிறவர் இல்லை. பாலே யாருக்கு என்கிறவர்.

இங்கேதான் தமிழ் நமக்கு உதவுகிறது. கேட்டல் என்றால் காதால் கேட்பது. கேள்வி கேட்பதும் அதுதான். பாயிரம் சொல்லும் கேட்போர் காது கொடுப்பவர். எனக்கு வேண்டியவர் காது கொடுத்த பிறகு வாய் திறப்பவர்.

அப்படியானால் ஊர்க்காரர் மட்டும்தான் நல்ல வாசகரா? இல்லை. சென்னையிலோ டொரான்டோவிலோ இருந்து வாசிப்பவர் வேறொன்றைக் கேட்பார்: "அக்கானி தெரியாத எனக்கு இதில் என்ன இருக்கு?" அதற்கும் பதில் வேண்டும். ஆனால் அவருக்கு விளக்கும் அவசரத்தில் மாமாவைக் காட்சிப்பொருளாக்கிவிடக் கூடாது. எழுதப்பட்டவர் ஒருபோதும் வாசிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் மிகையும் பொய்யும் உள்ளே நுழைகின்றன.

எழுதுகிறவர்களுக்கு, எனக்கும் சேர்த்து, ஒரு சின்ன சோதனை. எழுதி முடித்ததும், அதில் வரும் மனிதர் எதிரே உட்கார்ந்து வாசிப்பதாக நினைத்துப் பாருங்கள். அவர் தலையாட்ட வேண்டாம். அவர் கேட்கும் முதல் கேள்வி வரைக்கும் எழுந்து ஓடாமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள்.