போசிடோனியஸ் கேட்காத கேள்வி

சூரியன் மேற்குக் கடலில் விழும்போது, காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் போட்டதுபோல் 'சுர்' என்று சத்தம் கேட்குமாம். பழங்காலத்தில் பலர் நம்பிய கதை. போசிடோனியஸ் என்ற ஸ்டோயிக் தத்துவ அறிஞர் ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்துக்கே போய், 30 நாள் அந்திச் சூரியனைப் பார்த்துவிட்டு, பொய் என்று எழுதினார். கடல் ஏற்றவற்றம் நிலவை ஒட்டிக் கூடிக் குறைவதையும் அங்கேதான் கவனித்தார். சிரியாவின் அபாமியாவில் கி.மு. 135 வாக்கில் பிறந்து, ரோட்ஸ் தீவில் பள்ளி நடத்தியவர். ரோட்ஸில் அடிவானத்தைத் தொட்டு மறையும் அகத்திய நட்சத்திரம் அலெக்சாந்திரியாவில் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்குப் போட்டவர்.

கைதட்டத் தோன்றுகிறதா? பொறுங்கள். குறி பார்ப்பது மெய் என்று 5 நூல் எழுதியதும் இதே கைதான். அதைக்கூட விட்டுவிடலாம், குறி கேட்டவனுக்குக் காசு போகும், அவ்வளவே. விட முடியாதது வேறு.

கருங்கடல் கரையில் ஹெராக்ளியா என்று ஒரு கிரேக்க நகரம். அதற்கு அடிமைப்பட்டு உழைத்தவர்கள் மரியாண்டினியர், அந்த மண்ணின் பழங்குடிகள். போசிடோனியஸ் தம் வரலாற்று நூலில் அவர்களைப் பற்றிச் சொல்வது இது: தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் அறிவு போதாதவர்கள், அறிவாளிகளிடம் தாமாகவே அடங்கினார்கள், தேவையானதைக் கொடுத்தால் காலமெல்லாம் உழைக்கிறோம் என்றார்கள். ஒரே நிபந்தனை, தங்களை ஹெராக்ளியா எல்லைக்கு வெளியே விற்கக் கூடாது.

அந்த நிபந்தனையை உற்றுப் பாருங்கள். மனமுவந்து வந்தவனுக்கு அது எதற்கு? விற்பார்கள் என்று தெரிந்திருக்கிறது. தாய் ஒரு திசை, பிள்ளை ஒரு திசை போகும் என்ற பயம் இருந்திருக்கிறது. கழுத்தில் கத்தி இருக்கும்போதும் குடும்பம் சிதறாமல் காக்கப் பேரம் பேசியவனுக்கா புத்தி குறைவு?

தம்மைப் பார்க்க வந்த ரோமானியத் தளபதி பாம்பேயிடம், மூட்டுவலியில் துடித்தபடியே, வலி ஒரு தீமையே அல்ல என்று பாடம் நடத்தினார் இவர். அவர் வலி, அவர் இஷ்டம். அடுத்தவன் அடிமைத்தனத்துக்கு அவனே சம்மதித்தான் என்று எழுத எந்தத் தத்துவம் இடம் கொடுத்தது? சூரியனுக்காக 30 நாள் காத்திருந்தவரின் அந்தப் பத்தியில் ஒரு மரியாண்டினியனின் குரல்கூட இல்லை. எஜமானின் கணக்கை அப்படியே வரலாறாக்கிவிட்டார்.

'அவங்களே விரும்பித்தானே செய்யறாங்க' என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர்களைக் கேட்டாயா என்று மட்டும் கேளுங்கள்.