மிதவை இட்டவன் பொறுப்பு

ஐதராபாத் உசேன் சாகரில், 1992 முதல் பகவன் புத்தரின் ஒற்றைக்கல் திருவுருவம் நின்றருளும் அந்த ஏரியில், பாய்மரப் படகுப் போட்டிகள் நடைபெறுவதுண்டு. படகோட்டிகளைவிட மிதவை இடுபவரே நம் சிந்தையைக் கவர்ந்தார்.

பாய்மரப் படகு காற்றை நேரே எதிர்த்துச் செல்லாது. இடமும் வலமும் மாறி மாறிக் குறுக்கே ஓடியே முன்னேறும். ஆகவே காற்று வரும் திசைக்கு நேராக முதல் மிதவையை நங்கூரமிட்டு, தொடக்கக் கோட்டை அதற்குக் குறுக்காக அமைப்பர். கோடு கோணினால் ஒரு முனையில் நிற்பவர்க்கு வழி குறுகும். நடுவில் காற்று திரும்பினாலோ, கொடி உயர்த்தி, ஒலி எழுப்பி, அடுத்த ஓட்டத்துக்கு மிதவையை இடம் மாற்றலாம்.

மாற்றாதிருந்தால் குற்றமா? "இட்டபோது வஞ்சனை இல்லை, சேதனையன்றோ வினை?" என்பர் சிலர். மெய்யே. ஆனால் காற்று மாறியதைக் கண்டும் வாளாவிருக்கத் துணிவதும் ஒரு சேதனைதானே! இழை அறுந்தது கண்டும் தறியை ஓடவிட்டவன், "நான் அறுக்கவில்லை" என்றால் எந்த மேஸ்திரி ஒப்புவார்? காணாமலே இருந்தவனைப் பழிக்க நம் நா சற்றே கூசுகிறது. ஆயினும் காற்றைப் பார்ப்பதே அவன் வேலை; பாராமை பமாதம்.

1950இன் அட்டவணைச் சாதியினர் ஆணையில் பௌத்தர்க்கு இடமில்லை. எழுதியோர் நம்மை வஞ்சித்தனர் என்னோம். நாம் அன்று பௌத்தரல்லோம். காற்று மாறியது 1956 அக்டோபர் 14இல், நாகபுரியில். சீக்கியர்க்கு அவ்வாண்டே மிதவை நகர்ந்தது. நமக்கு நகர்ந்தது 1990இல். இடைப்பட்ட 34 ஆண்டுகளில் படித்து முடித்து, வேலைக்குரிய வயதும் கடந்துவிட்டவர்க்கு அந்தக் கொடி எந்த ஓட்டத்துக்காக உயர்ந்தது?