ஆசைக்குச் செய்தால் கூலி இல்லையா?

பட்டு உடுத்தியவரின் அழகை ஊர் பேசும். விற்ற கடையின் பெயரைப் பை பேசும். நெய்தவனைப் பற்றிப் பேச மட்டும் ஆள் இல்லை! காஞ்சியில் வாழ்வோர்க்கு இது புதுச் செய்தி அன்று. பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் கால் இறக்கி உட்கார்ந்தவர் எவரும் இதை அறிவர். அதே பழைய கதை இன்று புதுத் தறி ஒன்றில் நெய்யப்படுகிறது. தறியின் பெயர் கணிப்பொறி. நெய்பவர்கள் நம் தம்பிமார்கள். நம்மிடம் பாடம் கேட்கும் மாணவர்கள்.

என்ன நெய்கிறார்கள்? சொல்லுவோம்.

'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்றொரு கைப்பேசி விளையாட்டு. இந்தோனேசிய நிறுவனமான மாலியோ அதை 2017இல் வெளியிட்டது. பேருந்து ஓட்டுவதே ஆட்டம். ஓடியவை அந்நாட்டு வண்டிகள். ஓடியது அந்நாட்டுச் சாலை. ஆனால், ஆடுபவர் தாமே ஒரு வண்டியை வடித்து உள்ளே ஏற்றிக்கொள்ள அந்நிறுவனம் கதவைத் திறந்து வைத்தது. திறந்த கதவின் வழியே தமிழ்நாட்டு இளைஞர்கள் நுழைந்தார்கள். நம் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும், தொலைதூரம் ஓடும் தனியார் சொகுசு வண்டிகளும் அச்சு அசலாக அந்தச் சாலைகளில் ஓடத் தொடங்கின! பிறர் ஆக்கிய விளையாட்டின்மேல் இவ்வாறு தம் கைவண்ணம் சேர்ப்பதற்கு 'மோட்' என்று பெயர்.

விளையாட்டுத்தானே என்று எண்ணிவிட வேண்டாம். 'பிளெண்டர்' போன்ற மென்பொருளில் சக்கரம் சக்கரமாக, சன்னல் சன்னலாக வண்டியின் உருவத்தை வடிக்க வேண்டும். அதன்மேல் வண்ணம் போர்த்த வேண்டும். எழுத்து எழுத வேண்டும். விளக்கு எரியவேண்டும், கதவு திறக்கவேண்டும். ஒரு வண்டிக்குப் பல இரவுகள்! பிறகு, எவரும் எடுத்துக்கொள்க என்று இணையத்தில் வைத்துவிடுகிறான் இளைஞன். எடுத்து ஆடுவோர் பலர். ஆடியதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றி விளம்பரப் பணம் பெறுவோர் சிலர். வடித்தவனுக்கு? "சூப்பர் ப்ரோ!" என்ற ஒற்றை வரி!

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. இந்த உழைப்புக்கு ஊதியம் உண்டா, இல்லையா?

இல்லை என்போர் மூன்று காரணங்கள் காட்டுவர். மூன்றையும் பகுத்தறிவுத் தராசில் இட்டு நிறுத்துப் பார்ப்போம்.

"ஆசைக்குச் செய்கிறான், செய் என்று எவரும் அழைக்கவில்லை. அழையாத விருந்தாளி இலை கேட்கலாமா?" — இது முதற் காரணம்.

கேட்கிறோம்: ஆசையும் ஊதியமும் பகைவர்களா? ஆசிரியத் தொழிலை நாம் ஆசைப்பட்டுத்தான் ஏற்றோம். அதனால் மாதம் பிறந்ததும் சம்பளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோமா? பாடகர் இசையை நேசிக்கிறார். கச்சேரிக்குப் பணம் பெறுகிறார். நேசம் குறைந்தா போயிற்று? வேலையை வெறுப்பவனுக்குக் கூலி, விரும்புபவனுக்குக் கைத்தட்டு என்றால், அது எந்த ஊர் நியாயம்?

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றொரு சொல் வரும். கூலியின்றிச் செய்தாக வேண்டிய உழைப்புக்கு அது பெயர். அதே சொல்லைத்தான் இன்று 'வெட்டி வேலை' என்று பயனற்ற செயலுக்கு வழங்குகிறோம். ஒரே சொல்லில் இரு பொருளும் குடியிருப்பதைப் பாருங்கள்! கூலி கொடுக்காமல் வாங்கிய உழைப்பை மதிப்பற்ற உழைப்பு என்று கருதுவது மனித மனத்துக்கு எவ்வளவு எளிதாக வருகிறது!

"அது கட்டாயம், இது விருப்பமல்லவா?" என்று குறுக்கிடலாம். உண்மை. வேறுபாடு பெரிது. ஒருவன் தன் வாசலில் தன் ஆசைக்குக் கோலம் போடுகிறான்; தெருவில் போவோர் கண்டு மகிழ்கின்றனர். அங்கே கூலிப் பேச்சுக்கு இடமில்லை. ஆனால், அந்தக் கோலத்தைச் சுற்றி ஒருவர் வேலி கட்டி, சீட்டுக் கொடுத்துக் காசு வாங்கத் தொடங்கினால்? "போட்டவன் ஆசைக்குத்தான் போட்டான்" என்று சீட்டு விற்பவர் சொல்லலாமா? ஆசை போட்டவனுடையது, காசு மட்டும் எப்படி வேறொருவருடையது ஆயிற்று?

ஆசையில் பிறந்தது விலைக்குப் போனதற்குச் சான்றும் உண்டு. 1998இல் வால்வ் நிறுவனம் ஆக்கிய 'ஹாஃப்-லைஃப்' என்ற விளையாட்டு வெளிவந்தது. அதன்மேல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999இல் 'கவுண்டர்-ஸ்டிரைக்' என்ற மோடை ஆக்கினார்கள். இலவசமாகவே தந்தார்கள். 2000இல் வால்வ் அதன் உரிமையை விலை கொடுத்து வாங்கிற்று. ஆக்கியவர்களையும் வேலைக்கு அழைத்துக்கொண்டது. விருப்பமாய்ச் செய்த வேலைதானே, விலை எதற்கு என்று அந்நிறுவனம் வாதாடவில்லை!

இதற்கு எதிர்த் திசையில் ஒரு கதை. 2002இல் பிளிசார்ட் வெளியிட்ட 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டின்மேல், கைமாறிக் கைமாறிப் பலர் வளர்த்தது 'டோட்டா' என்னும் மோட். ஒரு புது விளையாட்டு வகையே அதிலிருந்து கிளைத்தது. அவ்வகையில் பிற நிறுவனங்கள் பெரும்பொருள் ஈட்டின. பிளிசார்ட் கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? 2020இல் அதே விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தபோது, ஆடுவோர் அதில் ஆக்கும் ஆட்டங்கள் யாவும் எமக்கே உடைமை என்று விதி வகுத்துக்கொண்டது! ஆசை உன்னுடையது, இரவு உன்னுடையது, கண்ணெரிச்சல் உன்னுடையது. விளைச்சல் மட்டும் எம்முடையது!

இரண்டாம் காரணத்துக்கு வருவோம். "அடித்தளம் அவனுடையது அல்லவே! பிறர் நிலத்தில் குடிசை போட்டவன் வாடகை கேட்பதா?"

காஞ்சிக்கு வந்து இதைக் கேட்கட்டும். பட்டு நூலை நெசவாளரா விளைவித்தார்? சரிகையை அவரா இழைத்தார்? பாவும் ஊடும் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது. அல்லது தனியார் முதலாளி கொடுத்தார். ஆகவே நெய்தவருக்குக் கூலி இல்லை என்று சொன்னவர் உண்டா? கூலியைக் குறைத்தவர் உண்டு, இழுத்தடித்தவர் உண்டு, கூலியே கிடையாது என்றவர் இல்லை. பொருள் தந்தவருக்கு ஒரு பங்கு, கை தந்தவருக்கு ஒரு பங்கு என்பதைத் தறி என்றோ ஒப்புக்கொண்டுவிட்டது. தறி ஒப்புக்கொண்டதைக் கணிப்பொறி மறுப்பானேன்? இரண்டும் உறவுமுறைதானே! 1804இல் ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் தறிக்குப் பூவேலை சொல்லிக்கொடுக்கத் துளையிட்ட அட்டைகளைப் பூட்டினார். பின்னர் சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலேயர், தாம் திட்டமிட்ட கணக்கு எந்திரத்துக்கு அந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார். புட்டாவும் கரையும் பிறந்த வழியில் பிறந்ததுதான் கணிப்பொறி!

ஆக, பங்கு உண்டா என்பது வழக்கே அன்று. எவ்வளவு பங்கு என்பதே வழக்கு. அவ்வழக்கு ஒருமுறை உலகறிய நடந்தது. 2015 ஏப்ரல் 23 அன்று, வால்வ் நிறுவனம் 'ஸ்டீம்' என்ற தன் இணையச் சந்தையில், பெதஸ்டா வெளியிட்ட 'ஸ்கைரிம்' விளையாட்டின் மோடுகளை விலைக்கு விற்கலாம் என்றது. நூறு ரூபாய்க்கு விற்றால் ஆக்கியவனுக்கு 25, சந்தைக்கு 30, விளையாட்டு நிறுவனத்துக்கு 45! கடை போட்டவருக்கும் நிலம் தந்தவருக்கும் முக்கால், உழைத்தவனுக்குக் கால்! ஆடுவோர் கொதித்தெழுந்தனர். எதிர்ப்பு மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். ஏப்ரல் 27 அன்று திட்டம் கைவிடப்பட்டது.

அக்கொதிப்பு முழுவதும் பங்கின் அளவைப் பற்றியது என்று நாம் சொல்லிவிட்டால், எதிர்த்தரப்பின் வலிமை மிக்க வாதத்தை மறைத்தவர்கள் ஆவோம். அதுவே மூன்றாம் காரணம்: "காசு நுழைந்தால் பகிர்வு சாகும்."

இதில் உண்மை உண்டு. மோட் உலகம் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி வளர்ந்த உலகம். ஒருவர் செய்த உருவத்தை இன்னொருவர் எடுப்பார். இன்னொருவர் அதில் அசைவு சேர்ப்பார். விற்பனை தொடங்கிய அந்தச் சில நாள்களிலேயே என்ன நடந்தது? மீன்பிடிக்கும் மோட் ஒன்று விலைக்கு வந்தது. அதற்குள் இருந்த அசைவு இன்னொருவர் உழைப்பைச் சார்ந்தது, அவர் இசையவில்லை என்று வழக்கெழுந்தது. அந்த மோட் விலக்கப்பட்டது. நேற்றுவரை நண்பர்கள், இன்று வாதி, பிரதிவாதி! இன்னொன்றும் உண்டு. வாங்கிய கைப்பேசிக்கே தவணை கட்டும் வீட்டுப் பிள்ளை, மோடுக்கும் விலை கொடுக்க எங்கே போவான்? இலவசமாய்க் கிடைத்ததைப் பிரித்துப் பார்த்துத்தானே அவனும் தொழில் கற்றான்? பூட்டுப் போட்டால் அடுத்த தலைமுறை எதைப் பார்த்துக் கற்கும்?

இவை புறந்தள்ளத்தக்க கேள்விகள் அல்ல. ஆனால் இவை கேட்பது என்ன? பொருள் பொதுவாக இருக்கவேண்டும் என்பதே. உழைத்தவன் வெறுங்கையோடு போகவேண்டும் என்று இவை கேட்கவில்லையே! பொருள் பொதுவாகவும், உழைத்தவன் பங்கு உறுதியாகவும் இருக்க வழி இல்லையா?

உண்டு. தமிழகம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் கையாளும் உரிமை ஒரு காலத்தில் ஒரு திரைப்பட முதலாளி கையில் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றது; பின்னர் அவற்றை யாவர்க்கும் பொதுவாக்கிற்று. இன்று அவற்றை எவரும் பாடலாம், எவரும் அச்சிடலாம். அன்று முதல் எத்தனையோ தமிழறிஞர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. மரபுரிமையாளர்க்கு அரசு தொகையும் வழங்குகிறது. படிப்பவரிடம் பறிக்காமல், எழுதியவர் குடும்பத்தை மறக்காமல், இரண்டையும் செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சட்டமும் ஒரு படி முன்னேறியிருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. அது 2012இல் திருத்தப்பட்டபோது, திரைப்படப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் திரையரங்குக்கு வெளியே தம் பாடல் ஈட்டும் உரிமைத் தொகையில் சம பங்கு பெற வழி பிறந்தது. அந்தப் பங்கை விட்டுக்கொடுத்தேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது! ஏன் அப்படி ஒரு விதி? எளியவன் வலியவன்முன் நீட்டும் கையெழுத்து எல்லா நேரமும் விருப்பத்தின் அடையாளம் ஆகாது என்பதைச் சட்டம் கண்டுகொண்டது. விளையாட்டு நிறுவனத்தின் நீண்ட விதிமுறைக்குக் கீழே 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் பதினேழு வயதுப் பையனுக்கும் இந்த நியாயம் பொருந்தாதா?

மோட் உலகத்திலேயே இந்த வழியில் ஒரு முயற்சி நடக்கிறது. மோடுகளைத் தொகுத்து வழங்கும் 'நெக்சஸ் மோட்ஸ்' தளம், 2018 முதல் ஒரு தொகையை ஒதுக்கி, இசைந்த படைப்பாளிகளுக்கு அவர்தம் மோடுகள் இறக்கப்படும் அளவை ஒட்டிப் பகிர்ந்து தருகிறது. ஆடுபவன் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆக்கியவனும் வெறுங்கையன் அல்லன். இது போதும் என்று நாம் சொல்லவில்லை. வழி இருக்கிறது என்கிறோம்.

ஆகவே நம் முடிவைத் திட்டமாகச் சொல்லிவிடுவோம். பணம் பிறக்காத இடத்தில் மோட் ஒரு பரிசு. அதற்கு விலை கேட்டு எவரும் நிற்க வேண்டாம். பணம் பிறக்கும் இடத்தில், பிறந்த பணத்தில் பங்கு உண்டு. அப்பங்கைக் கொடுக்கவேண்டியவர் ஆடும் சிறுவன் அல்லன். மோடினால் தன் விளையாட்டின் ஆயுளை நீட்டிக்கொள்ளும் நிறுவனமும், விளம்பரத்தால் ஈட்டும் தளமும், அந்த வண்டியை ஓட்டிக் காட்டியே பார்வையாளரைச் சேர்க்கும் யூடியூப்காரரும்தான்.

பத்துக் கை பட்ட பொருளில் எந்தக் கைக்கு எவ்வளவு? இதற்கு இன்னும் தெளிவான அளவுகோல் எவரிடமும் இல்லை. நம் ஊர் அனுபவம் இங்கே எச்சரிக்கையாகட்டும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காப்புக் கிடைத்தது, நன்று. ஆனால் புதிதாக ஒரு முந்தானையைக் கற்பனை செய்த தனி நெசவாளருக்கு அந்தக் குறியீடு தனிப் பங்கு எதையும் தருவதில்லை. கூட்டத்துக்குக் கிடைப்பது தானாகவே ஆளுக்கு வந்து சேராது. அளவுகோலை உழைப்பவர்கள் கூடித்தான் செய்தாக வேண்டும்.

அளவுகோல் வரும்வரை பெயரையாவது சொல்லலாமே! நம் கைலாசநாதர் கோயிலில் இராசசிம்மப் பல்லவனின் பட்டப்பெயர்கள் 200க்கும் மேல் பொறிக்கப்பட்டுள்ளன. உளி பிடித்தவனை யார் அறிவார்? அக்கோயிலை முன்மாதிரியாகக் கொண்டது என்று கலை வரலாற்றாளர் கூறும் பட்டடக்கல் விருபாட்சர் கோயிலிலோ, சிற்பி குண்டன் பெயரும் அவன் பெற்ற சிறப்பும் கல்லிலேயே இருக்கின்றன. 8ஆம் நூற்றாண்டில் கல்லில் முடிந்தது, இன்று காணொளியின் அடியில் ஒரு வரியில் முடியாதா?

இளைஞர்களே! இக்கடமை உங்களுக்கும் உண்டு. இன்னொருவன் வடித்த பேருந்தை எடுத்து, அவன் பெயரை அழித்து, வண்ணம் மட்டும் மாற்றி விலைக்கு விற்பவன், பெரிய நிறுவனத்தின் சுரண்டலைப் பற்றிப் பேசத் தகுதி இழக்கிறான். பங்கு கேட்பவன் பங்கு கொடுக்கவும் வேண்டும்.

இலவசமாகத் தர விரும்புகிறவன் தரட்டும். அது அவன் பெருமை. அதைத் தடுக்க நாம் யார்? ஆனால் 'கொடை' என்ற சொல் கொடுத்தவன் வாயிலிருந்து வரவேண்டும். எடுத்தவன் வாயிலிருந்து வந்தால் அதற்குப் பெயர் வேறு!